பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மாற்றாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கடைசியில் ஒரு வேலையும் இருக்கிறது. வீட்டுப்பாடம் கொடுக்காமல் வகுப்பை முடித்து எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் பாடம் கேட்டு வருகிறவர்களைவிட, கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். ஓய்வூதிய மனு, பட்டா மாறுதல் விண்ணப்பம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி, குடியிருப்போர் சங்கத்தின் கடிதம், கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு ஒரு மடல் என்று எதுவாக இருந்தாலும் வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பி, "டீச்சர், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பீர்கள். பார்த்துச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி பிறந்தவை. யாரோ எப்போதோ யாருக்காகவோ எழுதிய கடிதத்தைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, மீதியை அப்படியே விட்டிருப்பீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு சங்கத்திலும், நன்றாகச் சரிபார்த்த டெம்ப்ளேட் நாலைந்து இருக்க வேண்டும். தமிழில் இதை வார்ப்புரு என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் கணினித் திரையில் நீங்கள் பார்ப்பது டெம்ப்ளேட் என்ற பெயர் என்பதால் இங்கே அப்படியே சொல்கிறேன். டெம்ப்ளேட் வைத்திருப்பது பாதி வேலை. அதில் எதை எழுதி வைப்பது, எதை வேண்டுமென்றே எழுதாமல் விடுவது என்று யோசிப்பதுதான் மீதிப் பாதி.

பெயரை மாற்றினால் போதாதா?

போதாது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு போட்டார். ஊரில் ஒரு கணினி மையத்தில் அடித்துக் கொடுத்தார்கள். முதல் பத்தியில் அவர் கணவர் பெயர் சரியாக இருந்தது. மூன்றாம் பத்தியில், அதற்கு முன் வந்த வாடிக்கையாளரின் கணவர் பெயர் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு; கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மனு திரும்பி வந்தது. புது மனு எழுதி, மறுபடி பேருந்தேறி, மறுபடி வரிசையில் நின்று என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. கையில் காசில்லாத வீட்டில் இரண்டு மாதம் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மையத்துப் பையன் கெட்டிக்காரன்தான். பழைய பெயரைத் தேடி, புதுப் பெயரை ஒரே சொடுக்கில் மாற்றியிருப்பான். அங்கேதான் தமிழ் காலை வாருகிறது. ஆங்கிலத்தில் பெயர் எங்கே வந்தாலும் அதே பெயர்தான். தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்ததும் பெயரின் வாலே மாறிவிடுகிறது. 'முருகன்' என்று தேடினால் கணினி புள்ளி வைத்த 'ன்' இருக்கும் இடங்களை மட்டும் பிடிக்கும். 'முருகனுக்கு', 'முருகனின்', 'முருகனால்' எல்லாம் தப்பித்துவிடும். 'செல்வம்' என்று தேடினால் 'செல்வத்தின்' கிடைக்காது. வேற்றுமை உருபை எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்யச் சொன்னபோது, "இது எதுக்கு உதவும் டீச்சர்?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

பெயர் மட்டும் மாறினால் போதும் என்றும் இல்லை. ஆணுக்கு எழுதியது பெண்ணுக்குப் போகும்போது 'மகன்' 'மகள்' ஆக வேண்டும், 'ஐயா' 'அம்மா' ஆக வேண்டும். பார்வை என்று போட்ட பழைய கடித எண், முந்தைய ஊர்ப் பெயர், முந்தைய சர்வே எண் என்று ஒவ்வொன்றும் ஒளிந்து உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் 'சேவ்' அழுத்திவிட்டால் பழைய கடிதமும் போயிற்று. போன வருடம் என்ன எழுதிக் கொடுத்தோம் என்று யாராவது கேட்டால் காட்ட நகல் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் கடிதத்தை வாங்கி மாற்றும்போது அவருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் எல்லாம் உங்கள் கைக்கு வருகிறது. உங்கள் கடிதத்தை நாளைக்கு இன்னொருவர் கேட்பார். இப்படி ஊரெல்லாம் சுற்றுகிற கோப்பில் யார் யாருடைய விவரம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டெம்ப்ளேட் என்பது வேறு பொருள்

முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு பிழிந்து முடித்ததும் அச்சு காலியாக, கழுவி, ஆணியில் தொங்கும். அடுத்த தடவை புது மாவு. நேற்றுப் பிழிந்த முறுக்கைக் கரைத்து இன்றைக்கு மறுபடி பிழிகிறவர்கள் யாரும் இல்லை. பழைய கடிதத்தைத் திருத்துவது அந்தக் கதைதான்.

மைக்ரோசாப்ட் வேர்டில் சாதாரண ஆவணத்தின் பெயர் டிஓசிஎக்ஸ் என்று முடியும். டெம்ப்ளேட்டின் பெயர் டிஓடிஎக்ஸ் என்று முடியும். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு, ஆனால் நடத்தை முழுக்க வேறு. டெம்ப்ளேட்டை இரண்டு முறை சொடுக்கினால் அது தான் திறந்துகொள்ளாது; தன்னைப் போல ஒரு புது ஆவணத்தை, பெயர் வைக்காத நிலையில், உங்கள் முன்னால் வைக்கும். நீங்கள் எவ்வளவு கிறுக்கினாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. மூலத்தையே திருத்த வேண்டுமென்றால் வேர்டுக்குள் போய் 'பைல்', 'ஓப்பன்' வழியாகத் திறக்க வேண்டும்.

செய்வது சுலபம். கடிதத்தின் அமைப்பைத் தட்டச்சு செய்து முடித்ததும் 'பைல்', 'சேவ் ஆஸ்' போய், கீழே கோப்பு வகை என்ற இடத்தில் 'வேர்டு டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கென்று உள்ள தனி அடைவுக்கு வேர்டு தானே போய்விடும். அடுத்த முறை 'பைல்', 'நியூ' போனால் 'பர்சனல்' என்ற தலைப்பின் கீழ் உங்கள் டெம்ப்ளேட் காத்திருக்கும்.

காசு கொடுத்து வேர்டு வாங்காதவர்கள் லிப்ரே ஆபீஸ் வைத்துக்கொள்ளலாம், இலவசம். அதில் 'பைல்', 'டெம்ப்ளேட்ஸ்', 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்'. கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பை உருவாக்கி, பெயரின் முன்னால் 'அச்சு' என்று சேர்த்து வையுங்கள். தேவைப்படும்போது அதில் நேராக எழுதாமல் 'மேக் எ காப்பி' கொடுத்து, நகலில் எழுதுங்கள். குடும்பத்தில் மற்றவர்களுக்குப் பகிரும்போது பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். மூலம் பத்திரமாக இருக்கும்.

வெற்றுத் தாள் வெற்றுத் தாள் அல்ல

"எனக்கு டெம்ப்ளேட்டே வேண்டாம் டீச்சர், வெற்றுத் தாளில் புதிதாக அடித்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொன்னார். வேர்டில் வெற்றுத் தாள் என்று ஒன்று கிடையாது. நீங்கள் புது ஆவணம் திறக்கும்போது 'நார்மல்' என்ற டெம்ப்ளேட்டிலிருந்துதான் அது வருகிறது. எழுத்துரு, அளவு, ஓரம், வரி இடைவெளி எல்லாம் அதில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நீண்ட காலம் அங்கே டைம்ஸ் நியூ ரோமன் இருந்தது. வேர்டு 2007இல் காலிப்ரி வந்தது. வரி இடைவெளியும் கூடவே மாறியது. 2023 முதல் ஆப்டோஸ் என்ற எழுத்துரு வர ஆரம்பித்தது. இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தபோது தமிழில் மனு எழுதுகிற நம்மை யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று கோபப்படுவதைவிட, நமக்கு வேண்டியதை நாமே தீர்மானித்து வைத்துக்கொள்வது மேல்.

அப்படித் தீர்மானிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தாளின் அளவு. நம் ஊர்க் கடையில் கிடைப்பது ஏ4: 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் உயரம். இணையத்தில் அழகழகாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளில் பல அமெரிக்காவின் 'லெட்டர்' தாளுக்காகச் செய்தவை: 216க்கு 279. அதாவது நம் தாளைவிட 18 மில்லிமீட்டர் குட்டை, 6 மில்லிமீட்டர் அகலம் அதிகம். திரையில் ஒன்றும் தெரியாது. அச்சிடும்போது வரி ஓரத்தில் வெட்டுப்படும், அல்லது எழுத்து சுருங்கும், அல்லது கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய் நிற்கும். இறக்கிய உடனே முதல் வேலையாகத் தாள் அளவைப் பாருங்கள்.

இரண்டாவது, எழுத்துரு. யுனிகோடு எழுத்துருவைத் தவிர வேறெதையும் டெம்ப்ளேட்டில் வைக்காதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். அதில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடவும் முடியாது. தமிழ்நாடு அரசு 2010லேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பலரைத் தலையில் அடித்துக்கொள்ள வைக்கும் விஷயம். டெம்ப்ளேட்டில் எழுத்தின் அளவை 14 என்று வைப்பீர்கள். ஆங்கிலம் 14 ஆகும், தமிழ் 11லேயே நிற்கும். கணினி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். காரணம் இதுதான்: வேர்டும் லிப்ரே ஆபீஸும் தமிழைக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற தனி வகையில் வைத்திருக்கின்றன. எழுத்துருவும் அளவும் அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். வேர்டின் எழுத்துரு பெட்டியில் மேலே ஆங்கிலத்துக்கு ஒரு வரிசை, கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு ஒரு வரிசை இருக்கும். கீழ்வரிசை தெரியவில்லை என்றால் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். லிப்ரே ஆபீஸில் மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்கினால் தமிழுக்குத் தனி இடம் தெரியும். ஒருமுறை இதைச் செய்து டெம்ப்ளேட்டில் சேமித்துவிட்டால் பிறகு வாழ்நாளெல்லாம் தொல்லையில்லை. டெம்ப்ளேட்டின் பெரிய லாபமே இதுதான். ஒரே சண்டையை ஒவ்வொரு கடிதத்திலும் போட வேண்டியதில்லை.

இறக்குமதி டெம்ப்ளேட் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். டிஓடிஎம் என்று முடியும் கோப்புகளுக்குள் மேக்ரோ என்ற சிறு நிரல் இருக்கலாம். 1999 மார்ச்சில் உலகத்தையே ஆட்டிய மெலிசா வைரஸ் இப்படிப்பட்ட மேக்ரோதான். நான் மேலே சொன்ன அந்த நார்மல் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாப்டே தடுத்து வைக்கிறது. "எனேபிள்" செய்யச் சொல்லி யார் கேட்டாலும் செய்யாதீர்கள். ஒரு விடுப்புக் கடிதத்துக்கு நிரல் எதற்கு?

எதை எழுதி வைப்பது?

மாறாதவற்றை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, விளிப்பு, உடல், இப்படிக்கு, இடம், நாள், இணைப்பு என்று நம் அலுவலகக் கடிதத்துக்கு ஓர் எலும்புக்கூடு உண்டு. இறக்கிய ஆங்கில டெம்ப்ளேட் எதிலும் இந்த வரிசை இருக்காது. ஆகவே நாமே செய்ய வேண்டும்.

உதாரணமாக, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் ஒரு விண்ணப்பம். பெறுநர் 'பொதுத் தகவல் அலுவலர்' என்பது எப்போதும் ஒன்றுதான். அலுவலகத்தின் பெயர்தான் மாறும். 'சட்டப்பிரிவு 6(1)இன் கீழ்' என்ற வரி மாறாது. கட்டணம் 10 ரூபாய் இணைத்திருக்கிறேன் என்ற வரி மாறாது. 30 நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)இன்படி அங்கே அனுப்பிவைக்குமாறு கேட்கும் வரியையும் வைத்துவிடலாம். இவற்றை ஒருமுறை சட்டத்தைப் பார்த்துச் சரியாக எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை உங்கள் யோசனை முழுவதும் கேள்வியின் மீது போகும்.

இதே விண்ணப்பத்தில் எதை வைக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்கிறது. ஆகவே 'காரணம்' என்ற தலைப்பே டெம்ப்ளேட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நம் ஆட்கள் நிரப்பிவிடுவார்கள். கட்டம் இருந்தால் நிரப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள்தானே பழக்கினோம்! பயந்த மனிதர் ஒருவர் காரணத்தை எழுதிவிட்டு, "இதுக்காகவா கேக்குற?" என்று யாரிடமாவது பேச்சு வாங்குவார். ஒரு வெற்றுக் கட்டம் மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று டெம்ப்ளேட் செய்கிறவர் யோசிக்க வேண்டும்.

நிரப்ப வேண்டிய இடத்தை எப்படிக் காட்டுவது? மாதிரிக்கு 'குமார்' என்றோ '12, காந்தி தெரு' என்றோ போட்டு வைக்காதீர்கள். மாதிரிப் பெயர் உண்மைப் பெயர் போலவே இருக்கும். கண்ணை ஏமாற்றிவிட்டுக் கடிதத்தோடு போய்விடும். என் முறை எளிது. நிரப்ப வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ### என்று மூன்று வேலிக்குறி போட்டு வைக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், அதற்காகத்தான். கடிதம் முடிந்ததும் கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி ### தேடுங்கள். ஒன்றுகூடக் கிடைக்கக் கூடாது. ஒன்று மிஞ்சினாலும் அச்சிடாதீர்கள். அந்த அம்மாவின் மனுவை இப்படிச் செய்திருந்தால் மூன்றாம் பத்தியில் அடுத்தவர் கணவர் பெயர் வந்திருக்க வழியே இல்லை.

தேதிக்கும் ### தான். வேர்டில் 'அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி' என்று ஒரு வசதி இருக்கிறது. தேதியைத் தானே போட்டுக்கொள்ளும். வசதி போலத் தெரியும். ஆனால் ஜூன் மாதம் கொடுத்த மனுவை டிசம்பரில் திறந்தால் டிசம்பர் தேதி காட்டும். 'எப்போது மனு கொடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு உங்கள் கோப்பே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். தேதியைக் கையால் அடியுங்கள்.

எதை எழுதாமல் விடுவது?

இதுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

நான் ஆசிரியர் பயிற்சி படித்தபோது பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பார்ட் என்ற கல்வியாளரின் வழிவந்தவர்கள் வகுத்த ஐந்து படிகளை ஒட்டி வந்த முறை அது. முன்னறிவு, ஆயத்தம், பாடப்பொருள், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக நோட்டில் கோடு போட்டு நிரப்புவோம். அதுவும் டெம்ப்ளேட்தான். முன்னறிவு என்ற கட்டம் இருந்ததால்தான், 'இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?' என்று ஒவ்வொரு நாளும் நின்று யோசித்தோம். அந்தக் கட்டத்தில் போன வருட நோட்டைப் பார்த்து எழுதினால் பாடக்குறிப்பு செத்துவிடும். கட்டம் அதேதான், உள்ளே இருக்கும் பிள்ளைகள் வேறு.

மனுவும் அப்படியே. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல எழுத்தர், வந்தவரிடம் முதலில், "என்ன ஆச்சும்மா, எப்ப ஆச்சு?" என்று கேட்பார். பிறகுதான் பேனாவைத் திறப்பார். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் மனுவின் உயிர். "நான் மிகவும் ஏழ்மை நிலையில் இருப்பதால் கருணை கூர்ந்து" என்று எல்லா மனுவிலும் ஒரே வரி இருந்தால், படிக்கிற அதிகாரியின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். "என் வீட்டுக்கு முன்னால் உள்ள குழாயில் பதினோரு நாளாகத் தண்ணீர் வரவில்லை" என்று இருந்தால் கண் நிற்கும்.

ஆகவே டெம்ப்ளேட்டில் மனுவின் நடுப்பத்தியை எழுதி வைக்காதீர்கள். அங்கே ### போட்டு, பக்கத்தில் கேள்விகளை மட்டும் எழுதி வையுங்கள்: என்ன நடந்தது? எந்தத் தேதியில்? இதற்கு முன் யாரிடம் சொன்னீர்கள்? என்ன பதில் வந்தது? இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள்? பதில்களை எழுதிவிட்டுக் கேள்விகளை அழித்துவிடுங்கள். மனு தானாக வந்துவிடும். எழுதத் தெரியாது என்று சொல்பவர்கள்கூடக் கேள்வி கேட்டால் பதில் சொல்வார்கள். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நான் பார்த்தது அது.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்ச்சி அறிக்கையில் எழுதும் குறிப்புக்குப் பத்து வாக்கியங்களைப் பட்டியலாக வைத்து, அதிலிருந்து ஒன்றைச் சொடுக்கும் டெம்ப்ளேட் செய்திருப்பதாகச் சிலர் காட்டினீர்கள். வேலைப்பளு எனக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளுக்கு எழுதுவது லேசில்லை. பெயர், வகுப்பு, மதிப்பெண், வருகைப்பதிவு எல்லாவற்றையும் டெம்ப்ளேட் பார்த்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வரியை மட்டும் வெற்றாக விடுங்கள். "இன்னும் முயற்சி தேவை" என்பது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அதனாலேயே எந்தப் பிள்ளையையும் தொடாது. "கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விடையைத் தவறாக நகல் எடுக்கிறாள்" என்று எழுதினால், அதைப் படித்த அப்பா அன்று மாலையே மகளோடு உட்காருவார். டெம்ப்ளேட் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை அந்த ஒரு வரிக்குச் செலவு செய்யுங்கள்.

இரங்கல் கடிதத்துக்கு டெம்ப்ளேட்டே வேண்டாம். சுவாமிமலையில் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலால் மூடி, உலோகம் ஊற்றி, பிறகு அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். ஓர் அச்சு, ஒரு சிலை. இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு வரி போதும், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. "அவர் எனக்கு ஒருநாள் சைக்கிளில் லிப்ட் கொடுத்தார்" என்று அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்.

நீங்கள் கேட்கப்போகும் இரண்டு கேள்விகள்

"ஒரு கடிதத்துக்கு இவ்வளவு ஏற்பாடா?" ஒரே ஒரு கடிதம் என்றால் வேண்டாம், கையால் எழுதுங்கள், இன்னும் நல்லது. இரண்டாவது தடவை அதே மாதிரிக் கடிதம் எழுத வேண்டி வந்தால், அப்போது அரை மணி நேரம் ஒதுக்கி டெம்ப்ளேட் செய்யுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் செயலாளர் மாறிக்கொண்டே இருப்பார். பழைய செயலாளரின் மடிக்கணினியோடு எல்லாக் கடிதமும் போய்விடாமல், டெம்ப்ளேட் சங்கத்தின் சொத்தாக நிற்கும்.

"இப்போதுதான் ஏஐ எழுதிக் கொடுக்கிறதே, டீச்சர்?" கொடுக்கிறது, நானும் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீங்கள் சரிபார்க்க வேண்டும். சட்டப் பிரிவு எண் சரியா என்று பார்க்க வேண்டும். டெம்ப்ளேட்டில் மாறாத பகுதியை ஒருமுறை சரிபார்த்தால் போதும். மாறும் பகுதி உங்கள் வீட்டில் நடந்தது. அது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதுவே கடிதம்.

வீட்டுப்பாடம்

இந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு டெம்ப்ளேட் செய்யுங்கள். முதலில், உங்கள் வீட்டிலிருந்து அரசு அலுவலகத்துக்குப் போகும் பொதுவான கடிதம். ஏ4 தாள், யுனிகோடு எழுத்து, தமிழுக்குத் தனியாக அளவு, அனுப்புநரில் உங்கள் முகவரி, மற்ற இடங்களில் ###, நடுவில் ஐந்து கேள்விகள். டிஓடிஎக்ஸாகச் சேமியுங்கள். பிறகு வீட்டில் பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கு நீண்ட நாளாக எழுத வேண்டியிருக்கும் ஒரு கடிதத்தை அதில் எழுதிப் பாருங்கள். நிச்சயம் ஒன்று இருக்கும். முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டையில் பெயர் பிழை, வராத ரசீது, ஏதாவது ஒன்று. அவர்கள் கேட்கத் தயங்கிக்கொண்டு இருப்பார்கள்.

எழுதி முடித்ததும் ### தேடுங்கள். கையெழுத்துப் போடும் முன் முழுக் கடிதத்தையும் அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் பெயரில் போகும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கொடுத்த கடிதத்தின் நகலைத் தேதியோடு பெயர் வைத்துச் சேமியுங்கள்.

செய்து முடித்தவர்கள் எனக்கு அனுப்புங்கள். பழையபடி சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்